அச்சேறும் வரை: ஓர் ஆய்வுக் கட்டுரை படும் பாடும், எழுதியவர் படும் பாடும்

"சேர், ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்பினா எத்தனை நாளையில வரும்?"

பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கும் எங்களூர்ப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்கிறவர்களின் மனத்தில் பத்திரிகைக்குக் கவிதை அனுப்புவது போன்ற ஒரு கணக்கு இருக்கிறது. வந்தால் வரும், வராவிட்டால் இன்னொன்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் முதற் கட்டுரை அச்சில் வர, முதற் குறிப்பு எடுத்த நாளிலிருந்து பதினாறு வருடங்கள் சென்றன. அதில் சண்டைக்கும் இடப்பெயர்வுக்கும் போனது ஒரு பங்கு. மற்றப் பங்கு என் கோபத்துக்கும் சோம்பலுக்கும் பயத்துக்கும் போனது. ஆய்விதழ்களின் நடைமுறையைச் சொல்லும் கைநூல்கள் இன்று நிறைய உண்டு. அந்த நடைமுறைக்குள் அகப்பட்ட மனிதன் என்ன பாடுபடுகிறான் என்பதை அவை சொல்வதில்லை. அதையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டைபறிச்சானில் தொடங்கியது

நான் மூதூரைச் சேர்ந்தவன். மூதூரிலிருந்து கிழக்கே போனால் கட்டைபறிச்சான். நாங்கள் முஸ்லிம்கள், அவர்கள் தமிழர்கள். வயலும் களப்பும் சந்தையும் இரு பகுதியாருக்கும் பொது. 2002ஆம் ஆண்டு யுத்த நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு போக்குவரத்துக் கொஞ்சம் இலேசானது. 2005இல், பட்டப்படிப்பின் ஆய்வுக்காக, கொட்டியாரப் பற்றின் களவெட்டிச் சொற்களைச் சேகரிக்க நான் சைக்கிளில் அங்கே போய் வந்தேன்.

சூடு மிதிக்கும் களத்தில் சாதாரணப் பேச்சு செல்லாது என்பது கிழக்கிலங்கை விவசாயிகளுக்குத் தெரியும். நெல்லைப் 'பொலி' என்பார்கள். தூற்றுவதற்கு ஏறி நிற்கும் முக்காலியை 'அவுரி' என்பார்கள். குறைவைக் காட்டும் சொல்லைக் களத்தில் வாயெடுத்துச் சொல்லக் கூடாது. மெசின் வந்து வயலிலேயே அறுத்து, அடித்து, மூடையாகத் தரும் காலத்தில் களமும் இல்லை, அந்தப் பாஷையும் இல்லை. போவதற்கு முன் எழுதி வைக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கட்டைபறிச்சானில் எனக்கு ஓர் ஐயா வாய்த்தார். பரம்பரைக் கமக்காரர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாத மனிதர். ஒரு சொல்லைக் கேட்டால் அந்தச் சொல் புழங்கிய வயல், அந்த வயலின் வரம்பு, அந்த வரம்பில் நடந்த சண்டை எல்லாம் வரும். இரண்டு கொப்பிகள் நிறைந்தன.

2006 ஆகஸ்டில் மூதூர் முழுவதும் இடம்பெயர்ந்தது. மாவிலாற்று அணை மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை எங்கள் தெருவுக்குள் வந்தது. நாங்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்குப் போனோம். ஐயாவின் சனம் மறு திசையில் வாகரைப் பக்கம் போய், அங்கிருந்து மட்டக்களப்புக்குப் போனது. திரும்பி வந்து பார்த்தபோது கூரையில் ஓட்டை. மழை நனைத்த அலுமாரியில் என் கொப்பிகள் கஞ்சியாய்க் கிடந்தன.

இதை அனுதாபம் தேடிச் சொல்லவில்லை. எங்கள் பிரதேசத்தில் ஆய்வு என்பது கடதாசி அழியக் கூடிய இடத்தில் நடக்கிறது. முதற் பாடம்: எழுதியதை இரண்டு இடத்தில் வையுங்கள். இன்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தாலே போதும்.

கொட்டியாரக் குடாவிலிருந்து ஓர் ஆசிரியர்

எங்களுக்கு மிகக் கிட்டிய உதாரணம் எங்கள் கரையிலேயே இருக்கிறது. மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று ஒரு புளிய மரம் நின்றது. அந்த இடத்தில் 1893இல் நாட்டிய கல்லும் உண்டு. 1660இல் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் ஒடிந்து கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கப்பற் தலைவரையும் பத்தொன்பது வயதான அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது வருடங்களுக்கு மேல் சிறையில்லாச் சிறையில் இருந்து, 1679 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்றார்.

ஊருக்குத் திரும்பும் கப்பலில் அவர் எழுதினார். அவர் எழுதிக் கொண்டு போனது அப்படியே அச்சாகவில்லை. லண்டனில் அரச கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் ஹூக் அதைச் செப்பனிட உதவினார், முன்னுரையும் எழுதினார். 1681இல் நூல் வந்தது. பின்னர் ஜேர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளிலும் வந்தது. இலங்கையின் பதினேழாம் நூற்றாண்டுச் சமூக வாழ்வைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் அதைத் தொடாமல் போக முடியாது.

இது எல்லோருக்கும் தெரிந்த பாதி. மறு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நொக்ஸ் தம் நூலின் ஒரு பிரதியில் இடையிடையே வெற்றுத் தாள்களைக் கட்டி, இரண்டாம் பதிப்புக்காகத் திருத்தமும் சேர்க்கையும் எழுதிக் கொண்டே போனார். அந்தப் பதிப்பு வரவில்லை. 1720இல் அவர் இறந்தார். கையெழுத்துத் தாள்கள் நூலகத்தில் கிடந்து, நெடுங்காலத்துக்குப் பின்னரே அச்சேறின. முதல் நூல் எழுதி ஏறத்தாழ ஒரு வருடத்தில் வந்தது, இரண்டாவது அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின் வந்தது. அதே மனிதர், அதே விஷயம். முதற்தடவை பக்கத்தில் ஒரு ஹூக் இருந்தார். செப்பனிடவும் கை கொடுக்கவும் ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் இதிலிருந்து விளங்கிக் கொண்டேன்.

அனுப்புதல், காத்திருத்தல்

நான் மறுபடி தொடங்கியது 2015இல். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு திருகோணமலைக்குப் போய் வருவதே வேறு விதமாகி விட்டது. நூலகம் எட்டியது. ஐயாவும் கட்டைபறிச்சானுக்குத் திரும்பியிருந்தார். சம்பூர்ச் சனம் வருடக்கணக்காய்த் தங்கியிருந்த முகாம்களில் ஒன்று அங்கேதான் இருந்தது. என்னைக் கண்டதும், "தம்பி, பழைய கொப்பி எங்க?" என்றார். சொன்னேன். "சரி, புதுசு கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

2017இல் கட்டுரையை முடித்து ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். அனுப்பிய இரவு எனக்கு நித்திரை இல்லை. மறுநாள் தொட்டு ஒவ்வொரு காலையும் மின்னஞ்சல் பார்ப்பேன். ஒரு மாதம் போனதும் கடுப்பு வந்தது. மூன்று மாதம் போனதும் வெட்கம் வந்தது, யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு இரண்டு வரி வந்தது. தங்கள் கட்டுரை எமது இதழின் பரப்புக்குள் அடங்காது, நன்றி.

இங்கே நடைமுறையைச் சொல்லி விடுகிறேன். கட்டுரை போய்ச் சேர்ந்ததும் முதலில் பதிப்பாசிரியர் பார்ப்பார். இதழின் விஷயத்துக்குப் பொருந்தாவிட்டால் அங்கேயே திருப்பி விடுவார். அதை யாரும் ஆழ்ந்து வாசித்திருக்க மாட்டார்கள். ஆகவே அந்த மறுப்பை உங்கள் ஆய்வின் மீதான தீர்ப்பாக எடுக்க வேண்டியதில்லை. நான் எடுத்தேன். ஆறு மாதம் கோப்பைத் திறக்கவில்லை. அந்த இதழின் பழைய இதழ்கள் இரண்டை அனுப்புவதற்கு முன் புரட்டியிருந்தால், அது மொழியியல் இதழல்ல என்று எனக்கே தெரிந்திருக்கும். குற்றம் என் பக்கம்.

பொருந்துகிறது என்று கண்டால், பதிப்பாசிரியர் அதை அத்துறை தெரிந்த இருவருக்கோ மூவருக்கோ அனுப்புவார். பெரும்பாலும் எழுதியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. கூலி இல்லாத வேலை. அவர்களுக்கும் பரீட்சைத் தாள், பிள்ளைகள், வீடு என்று பாரம் இருக்கிறது. காலம் செல்வதன் காரணம் பெரும்பாலும் அவ்வளவுதான். முதல் அறிவியல் இதழ் என்று சொல்லப்படும் லண்டன் அரச கழக இதழை ஹென்றி ஒல்டன்பேர்க் 1665இல் தொடங்கிய போது தாமே பார்த்துத் தாமே முடிவெடுத்தார். வெளியாள் மதிப்பீடு எல்லாக் கட்டுரைக்கும் கட்டாயம் என்ற வழக்கம் நாம் நினைப்பதை விடப் புதியது. 'நேச்சர்' இதழே 1973இல்தான் அதை விதியாக்கியது.

மதிப்பீட்டாளரின் கடிதம்

இரண்டாவது இதழிலிருந்து கடிதம் வந்த நாட்களை மறக்க முடியாது. 2019 மே மாதம். ஏப்ரல் 21 குண்டு வெடிப்புக்களுக்குப் பிறகான நாட்கள். முஸ்லிம் பெயரோடு பஸ்ஸில் ஏறுவதே யோசனையாக இருந்த காலம்.

முதல் மதிப்பீட்டாளர் எழுத்துப் பிழைகளைக் காட்டி, பிரசுரிக்கலாம் என்றிருந்தார். இரண்டாமவர் எழுதியதன் சாரம் இது: கட்டுரை இரு சமூகத்தாரும் ஒரே சொற்களையே புழங்கினர் என்கிறது, களத்தில் நின்ற ஆண்களிடம் மட்டுமே கேட்கப்பட்டிருக்கிறது, நெல் வீட்டுக்கு வந்த பின் அதை அளந்த பெண்களிடம் கேட்கப்பட்டதா? வழக்கு அழிந்தது என்று முடிவு சொல்ல ஆதாரம் என்ன?

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. கந்தளாய் முகாமும் கஞ்சியான கொப்பியும் இந்த மனிதருக்குத் தெரியுமா? ஏசி அறையில் இருந்து கொண்டு பெண்களிடம் கேட்டீரா என்கிறார். நீளமாக ஒரு பதில் எழுதினேன். அனுப்பவில்லை. உம்மா சாப்பிடக் கூப்பிட்டார்.

இப்படிக் கோபித்தவன் நான் மட்டுமல்ல. 1936இல் அல்பேர்ட் ஐன்ஸ்டீன் ஈர்ப்பலைகள் இல்லை என்ற முடிவோடு ஓர் ஆய்வைத் துணையாசிரியர் ஒருவருடன் எழுதி அமெரிக்க இதழொன்றுக்கு அனுப்பினார். பதிப்பாசிரியர் அதை வெளியாள் ஒருவருக்குக் காட்டி, அவர் கண்ட பிழைகளை எழுதியனுப்பினார். தம் அனுமதியின்றிப் பிறருக்குக் காட்டியதற்காகச் சினந்து ஐன்ஸ்டீன் கட்டுரையைத் திருப்பி எடுத்தார். அந்த இதழுக்கு அவர் பிறகு ஆய்வுக் கட்டுரை அனுப்பவேயில்லை. ஆனால் பிழை பிழைதான். மறு வருடம் வேறோர் இதழில் வந்த போது முடிவு தலைகீழாக மாறியிருந்தது. மதிப்பீட்டாளர் சரி. ஐன்ஸ்டீனுக்கே அப்படியென்றால் எனக்கு எப்படி?

அன்று பகல் சாப்பிட்ட பிறகு உம்மா அரிசி அளந்து கொண்டிருந்தார். சின்ன வயது தொட்டு நான் கேட்ட சத்தம்தான். முதற் கொத்தைப் போடும் போது 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். "பரக்கத்து" என்பார். பிறகு இரண்டு, மூன்று. எத்தனை வருடம் கேட்டிருப்பேன்! ஆய்வு என்று கட்டைபறிச்சானுக்குச் சைக்கிள் மிதித்தவன், குசினிக்குள் கேட்டதை எழுதவில்லை.

"உம்மா, ஏன் ஒன்று சொல்ற இல்ல?"

"ஒண்டெண்டு சென்னா ஒண்டோட நிண்டு போகும் மகன். ஒங்கட மூத்தம்மா அப்பிடித்தான் சென்ன."

கட்டைபறிச்சானுக்குப் போக வேண்டும் என்று விளங்கியது. போகப் பயமாகவும் இருந்தது. இந்த நேரத்தில் தாடியோடு ஒருவன் போய் வீட்டுப் பெண்களிடம் கேள்வி கேட்டால் என்ன நினைப்பார்கள்? மூன்று கிழமை போகாமல் இருந்தேன். ஐயாதான் யாரோ ஒருவரின் தொலைபேசியில் எடுத்தார். "என்ன தம்பி, வாறதில்ல? நாங்க என்னவும் செஞ்சு போட்டமா?"

போனேன். மனைவியையும் கூட்டிச் சென்றேன். ஐயாவின் மனைவி நெல் அளந்து காட்டினார். முதற் கொத்துக்கு அவர் சொன்னது "லாபம்". பிறகு இரண்டு, மூன்று. என் மனைவி சிரித்து விட்டாள்.

என் கட்டுரை சொன்னது பிழை. இரு வீட்டிலும் ஒரே சொல் இல்லை. ஒன்றைச் சொல்லாமல் விடும் வழக்கம்தான் ஒன்று, சொல் வேறு. களம் போய் விட்டது, களத்தின் வாயடக்கம் குசினியில் இன்னும் இருக்கிறது. இதை எனக்குக் காட்டியவர் நான் ஏசிய அந்த முகம் தெரியாத மனிதர். திருத்திய கட்டுரையின் தலைப்பே மாறியது.

பதில் எழுதும் முறை

இங்கே பிள்ளைகளுக்கு உதவக் கூடிய சில நடைமுறைகளைச் சொல்கிறேன்.

மதிப்பீடு வந்தால் வாசியுங்கள், மூடி வையுங்கள், மூன்று நாள் பதில் எழுதாதீர்கள். பிறகு ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, முதற் பத்தியில் அவர் சொன்னது, இரண்டாவதில் நீங்கள் செய்தது, மூன்றாவதில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்றில்லை. ஏற்காததற்குக் காரணத்தை மரியாதையாக எழுதினால் போதும். ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள், அது நம்பிக்கை மோசம்.

பணம் கேட்டு இரண்டு கிழமையில் பிரசுரிப்போம் என்று வரும் மின்னஞ்சல்களுக்கு ஏமாறாதீர்கள். திறந்த அணுக்க இதழ்கள் சில நியாயமாகவே கட்டணம் வாங்குகின்றன. ஆனால் மதிப்பீடு செய்யாமலேயே காசுக்கு அச்சிடும் கொள்ளை இதழ்களும் ஏராளம். மறுக்கப்பட்டவன் மனம் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்து அவர்களின் 'பெருமதிப்புக்குரிய பேராசிரியரே' வந்து சேரும். எனக்கும் வந்தது. ஓர் இரவு காசைக் கூட எண்ணிப் பார்த்தேன். அந்த இதழில் வந்திருந்தால் யாரும் பெண்களைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள். பிழையோடு என் பெயரும் நின்றிருக்கும்.

எங்கள் முன்னோர்

எங்கள் சமூகத்துக்கு இந்த விஷயம் வெறும் பதவியுயர்வுக் கணக்கல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என்பது அதன் சாரம். கழகத்தின் இதழிலும் அது வந்தது. சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்று பேசப்பட்ட காலம் அது. எங்களவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் கோபம் நூலாக வரக் காலம் எடுத்தது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் வரிக்கு வரி மறுத்து எழுதிய ஆங்கில நூல் 1907இல் வெளிவந்தது. இடையில் பத்தொன்பது வருடங்கள். அவருடைய வாதங்கள் எல்லாவற்றோடும் இன்றைய ஆய்வாளர் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் ஆய்வுக்கு ஆய்வாலேயே பதில் சொன்னார் என்பதால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து இன்றும் வாசிக்கிறோம்.

பேராசிரியர் ம. மு. உவைஸின் கதை இன்னொரு விதம். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பைப் பற்றி அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்காக ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு, 1953இல் நூலாக வந்தது. அதை வெளியிட்டது கொழும்பின் பெரிய நிறுவனம் ஏதுமல்ல, மலைநாட்டுக் கிராமமான கல்ஹின்னையின் தமிழ் மன்றம், எஸ். எம். ஹனிபாவின் முயற்சி. ஆய்வேடு அலுமாரியில் தூங்கியிருந்தால் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்ற துறை எவ்வளவு காலம் பிந்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிற்றிதழும் சிறு பதிப்பகமும் நடத்துவோரின் வேலை இதுதான்.

ஏழாவது ஆள்

என் கட்டுரை 2021இல் வந்தது. ஏற்றுக் கொண்டோம் என்ற கடிதம் வந்த அன்று பெரிய சந்தோஷம் வரும் என்று எண்ணியிருந்தேன். வந்தது களைப்புத்தான். சந்தோஷம் நாலு நாள் பிந்தி, அச்சுப் பிரதியைத் திருத்தும் போது, என் உம்மாவின் 'பரக்கத்து' மேற்கோள் குறிக்குள் நிற்பதைக் கண்டதும் வந்தது.

ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு பிரதியோடு கட்டைபறிச்சானுக்குப் போனேன். ஐயாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. பேத்தி வாசித்துக் காட்டினாள். சில இடங்களில் தலையாட்டினார், ஓரிடத்தில் சிரித்தார். முடிந்ததும் கேட்டார்:

"என்ட பேர் எங்க தம்பி?"

ஆய்வு ஒழுக்கப்படி தகவல் தந்தவர்களின் பெயரை மறைத்து எண் இட்டிருந்தேன். அவர் ஏழாம் எண். பாதுகாப்புக்காகச் செய்வது என்று விளக்கினேன். சண்டைக் காலத்தை எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அது சரி. ஆனா நான் களவெடுத்ததச் சொல்லல்லயே. நெல்லுத்தானே சொன்னன். அப்ப ஏழாவது ஆள் நான்தானா?"

எனக்குப் பதில் இல்லை. பெயரை மறைப்பது நல்ல விதிதான். எங்கள் மண்ணில் அது உயிரையும் காக்கும். ஆனால் மறைக்கவா வேண்டாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எந்த மதிப்பீட்டாளரும் கேட்கவில்லை, ஐயாதான் கேட்டார். பதினாறு வருடம் என் பெயர் அச்சில் வருமா என்று நான் தவித்தது போல, அவரும் ஒரு ஓரத்தில் தன் பெயரைப் பார்த்துக் கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது அடுத்த கட்டுரை எழுதுகிறேன். சம்மதப் படிவத்தில் ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: 'என் பெயரைப் போடலாம் / போட வேண்டாம்.' ஐயா முதலெழுத்தோடு முழுப் பெயரையும் பேத்தியைக் கொண்டு எழுதுவித்து, கீழே தன் கையாலேயே கையெழுத்து வைத்தார். அது எந்த இதழுக்கு, எத்தனை மாதத்தில் வரும் என்று அவர் கேட்டார். பிள்ளைகள் என்னிடம் கேட்கும் அதே கேள்வி. நாள் சொல்ல என்னால் முடியவில்லை. அனுப்பும் நாளை மட்டும் சொல்லி விட்டு வந்திருக்கிறேன்.